டோட்டன்போரியை வழிகாட்டி இல்லாமல் ஒரே மாலையில் நடந்து பார்க்கலாமா?

2023 செப்டம்பர் 2, சனி – கேள்வி

நவம்பர் இரண்டாம் வாரம் ஓசாகா வருகிறோம். நான், மனைவி, அம்மா. எங்களிடம் இருப்பது ஒரே ஒரு மாலை. கால்வாயோரச் சாப்பாட்டுத் தெருவான டோட்டன்போரியைச் சுற்றிக்காட்ட வழிகாட்டிகள் தலைக்கு 10,000 யென்னுக்கு மேல் கேட்கிறார்கள். அம்மா சைவம். அங்கே விளம்பரப் பலகையும் கூட்டமும் தவிர ஒன்றும் இல்லை என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். நாங்களே நடந்து பார்த்தால் போதுமா?

செப்டம்பர் 2, இரவு

போதும். வழிகாட்டி வேண்டாம். ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து நடக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஆறு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். வருகிற விருந்தாளி ஒவ்வொருவரையும் அங்கே கூட்டிப் போகிற வேலை எனக்கு. எல்லோரும் செய்வது இதுதான்: நம்பாவிலோ ஷின்சாய்பாஷியிலோ இறங்கி நேராக எபிசுபாஷி பாலத்துக்குப் போவது. அங்கே கைகளைத் தூக்கி ஓடும் கிளிகோ மிட்டாய்க் கம்பெனியின் ஓட்டக்காரர் பலகை இருக்கிறது. அதன் முன்னால் அதே மாதிரி கையைத் தூக்கிப் படம் எடுப்பார்கள். வந்த ஐந்தாவது நிமிடத்திலேயே உச்சத்தைப் பார்த்துவிட்டால் அப்புறம் மிச்சம் எல்லாம் கூட்டமாகத்தான் தெரியும். உங்கள் நண்பரும் அப்படித்தான் போயிருப்பார்.

கிழக்கிலிருந்து மேற்கே நடங்கள். நிப்பொம்பாஷி ரயில் நிலையம், 7-ஆம் வாசல். வெளியே வந்ததும் தேசிய புன்ராகு (பொம்மலாட்ட) அரங்கம். அங்கிருந்து நிப்பொம்பாஷி பாலம் வரை நடந்து, கால்வாய்க்குத் தெற்கே உள்ள டோட்டன்போரித் தெருவில் கிழக்கு முனையாக நுழையுங்கள். எதிரே வானம் சிவந்து மங்கும், இரண்டு பக்கமும் பலகைகள் ஒவ்வொன்றாக விளக்கேறும். அரை கிலோமீட்டர் சொச்சம்தான் தெரு. எபிசுபாஷி கடைசியில் வரும்போது நன்றாக இருட்டியிருக்கும். சாயங்காலம் 5 மணிக்குத் தொடங்குங்கள், இரண்டு மணி நேரம் போதும்.

அம்மாவுக்கு: தாகோயாகி (ஆக்டோபஸ் வைத்த மாவு உருண்டை) கடையில் ஆக்டோபஸ் போடாமல் கேட்டால் செய்து தருவார்கள்.

செப்டம்பர் 3, காலை

மேலே கடைசியில் எழுதியது தவறு. அதை யாரும் நம்பி வாங்க வேண்டாம்.

ஆக்டோபஸை எடுத்துவிட்டாலும் தாகோயாகி சைவம் ஆகாது. மாவைக் கரைப்பதே 'தாஷி' என்கிற சாற்றில்தான். பெரும்பாலும் காய்ந்த போனிட்டோ மீனைச் சீவிக் கொதிக்கவைத்த சாறு. மேலே நெளிந்து ஆடுகிற மெல்லிய சீவலும் அதே மீன்தான். சூட்டுக்கு அது ஆடுவதைப் பார்த்து, மரச்சீவல் என்று நினைத்தவர்கள் உண்டு. ஒகோனொமியாகி என்கிற அடையின் மாவிலும் தாஷி. ஊடோன் நூடுல்ஸ் குழம்பிலும் தாஷி. காய்கறி மட்டும் போட்டது என்று படத்தில் தெரிகிற எதையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

நான் அசைவம் சாப்பிடுகிறவன், அதனால் இது கண்ணில் படவில்லை. என் அத்தை வந்தபோது இரண்டு நாள் இப்படித் தெரியாமல் சாப்பிட்டுவிட்டார். மூன்றாம் நாள் ஒரு சமையல்காரர்தான் சொன்னார். அத்தை என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அன்று இரவு சாப்பிடவும் இல்லை. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அம்மாவுக்கு அந்தத் தெருவில் நிம்மதியாகக் கொடுக்கக்கூடியது ஒன்று இருக்கிறது. தனியாக எழுதுகிறேன்.

செப்டம்பர் 3, இரவு

பலகைகள் மட்டும்தான் என்ற பேச்சுக்கு வருகிறேன்.

அது முதலில் சாப்பாட்டுத் தெருவே அல்ல, நாடகத் தெரு. கால்வாய் வெட்டத் தொடங்கியது 1612-இல். தொடங்கியவர் டோட்டன் என்ற வணிகர். 1615-இல் ஓசாகாக் கோட்டைப் போரில் அவர் இறந்துபோக, மற்றவர்கள் வேலையை முடித்தார்கள். 'போரி' என்றால் கால்வாய். டோட்டன் கால்வாய் என்று அவர் பெயரே நிலைத்தது. அப்புறம் தென்கரையில் நாடகக் கொட்டகைகளை வரிசையாகக் குடிவைத்தார்கள். கபுகி நாடகம் ஒரு பக்கம், பொம்மலாட்டம் ஒரு பக்கம். 1684-இல் தாகெமோதோ கிதாயூ தன் பொம்மலாட்ட அரங்கைத் தொடங்கியது இங்கேதான். நாடக ஆசிரியர் சிகாமட்சு மொன்சாயெமொன் அந்த அரங்குக்கு எழுதினார். நாடகம் பார்க்க வந்தவர்களுக்குப் பசித்தது, எதிர்வரிசையில் தேநீர்க் கடைகள் முளைத்தன. இன்று நாம் பார்க்கிற சாப்பாட்டுக் கடைகளுக்கு அதுதான் வேர்.

அதனால்தான் புன்ராகு அரங்கத்தில் தொடங்கச் சொன்னேன். 1984-இல் திறந்த கட்டடம். நவம்பரில் அங்கே ஆட்டம் நடக்கும். ஒரு பொம்மைக்கு மூன்று பேர்: தலையும் வலக்கையும் ஒருவர், இடக்கை ஒருவர், கால்கள் ஒருவர். ஒற்றைக் காட்சிக்கு மட்டும் சீட்டு வாங்கும் வழியும் உண்டு. நம் ஊர்ப் பொம்மலாட்டத்தில் ஆட்டுகிறவர் திரைக்குப் பின்னால் இருப்பார். இங்கே மூன்று பேரும் கண்முன்னால் நிற்கிறார்கள். ஆனாலும் பத்து நிமிடத்தில் அவர்கள் மறைந்து பொம்மை மட்டும்தான் தெரிகிறது.

இதைப் பார்த்துவிட்டுத் தெருவுக்குள் போனால் அசைகிற பலகைகள் எல்லாம் வேறு மாதிரி தெரியும். காலை ஆட்டும் ராட்சத நண்டு (கானி டோராகு கடை, 1962-லிருந்து), சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டையில் மேளம் தட்டும் குயிதாவோரே தாரோ பொம்மை, சுவரைப் பிளந்து வரும் டிராகன். பொம்மலாட்டக்காரர்களின் தெரு தன் கடை வாசலில் பொம்மையை நிறுத்துகிறது. எனக்கு அப்படித்தான் படுகிறது.

தாரோ எந்த உணவகத்தின் முன் நின்றதோ அது 2008 ஜூலையில் மூடிவிட்டது. பொம்மையை விட மனம் வராமல் அடுத்த ஆண்டே பக்கத்துக் கட்டடத்தின் வாசலில் திரும்ப நிறுத்திவிட்டார்கள். மூடிய கடைக்காக இன்னும் மேளம் தட்டிக்கொண்டிருக்கிறது.

'குயிதாவோரே' என்ற சொல்லையும் அம்மாவுக்குச் சொல்லுங்கள். கியோத்தோக்காரர் உடுத்தியே ஓட்டாண்டி ஆவார், ஓசாகாக்காரர் தின்றே ஓட்டாண்டி ஆவார் என்று ஒரு பழமொழி. அதில் வரும் சொல் இது.

செப்டம்பர் 6

போன வருடம் அப்பா வந்திருந்தார். கும்பகோணத்தை விட்டு அதிகம் வெளியே போகாதவர். தெருவின் நடுவில் ஒரு தாகோயாகிக் கடை முன்னால் நின்றுவிட்டார்.

"ஏம்பா, இது பணியாரக் கல்லு இல்லையா?"

கல் அதேதான், குழி அதேதான். செய்முறைதான் வேறு. நாம் குழிக்குக் குழி கரண்டியால் ஊற்றுவோம். அவர்கள் எண்ணெய் தடவிவிட்டு, குழியும் மேடும் தெரியாதபடி கல் முழுக்க மாவை வெள்ளமாக ஊற்றுகிறார்கள். ஆக்டோபஸ் துண்டு, வெங்காயத்தாள், சிவப்பு இஞ்சி ஊறுகாய், பொரித்த மாவுத் தூள் எல்லாம் மேலே தூவல். அடி வெந்ததும் இரண்டு கையிலும் கூரான கம்பி. முதலில் குழிகளுக்கு நடுவே கட்டம் கட்டமாகக் கோடு கிழிக்கிறார்கள். வெளியே வழிந்த மாவை அந்தந்தக் குழிக்குள் தள்ளி, கால் சுற்று மட்டும் திருப்புகிறார்கள். உள்ளே இருக்கும் ஈர மாவு வழிந்து குழியின் அடியை நிரப்புகிறது. மறுபடி கால் சுற்று. நம் பணியாரம் ஒரே புரட்டு. இது நாலைந்து திருப்பலில் முழு உருண்டையாகிறது. அப்பா கால் மணி நேரம் அசையவில்லை. கடைப் பையன் அவரைப் பார்த்துச் சிரித்தான், கம்பியின் வேகம் கொஞ்சம் கூடியது.

மறுநாள் நம்பாவில் இருக்கும் டோகுயாசுஜிக்குக் கூட்டிப் போனேன். சமையல் பாத்திரக் கடைகள் மட்டுமே உள்ள சந்து. கண்ணாடிப் பெட்டியில் வைக்கும் பிளாஸ்டிக் உணவு மாதிரிகளும் அங்கே கிடைக்கும். ஒரு வார்ப்பிரும்புக் கல் வாங்கினோம். இப்போது என் வீட்டில் அதில் வெள்ளைப் பணியாரம்தான் வேகிறது. முதலில் இரண்டு மூன்று தடவை எண்ணெய் காய்ச்சிப் பழக்கிவிட்டால் ஒட்டாது.

செப்டம்பர் 6, சற்று நேரம் கழித்து

அம்மாவுக்கான இடம். பாதி எழுதி விட்டுவிட்டேன்.

தெருவின் தெற்கே ஒரு சின்னச் சந்தில் திரும்பினால் ஹோசென்ஜி கோயில். இரைச்சல் முதுகுக்குப் பின்னால் அப்படியே நின்றுவிடும். கல் பாவிய தரை, காகித விளக்குகள், ஊதுவத்தி வாசனை. 1637-ஆம் ஆண்டுக் கோயில். இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து எரிந்தபோது ஃபுதோ மியோவோ என்ற தெய்வத்தின் சிலை தப்பியது. அந்தச் சிலையில் இன்று முகம் கிடையாது, மூக்கு கிடையாது. உடம்பு முழுக்கத் தடித்த பச்சைப் பாசி. வருகிறவர்கள் எல்லாம் அகப்பையால் தண்ணீர் ஊற்றி ஊற்றி வளர்ந்த பாசி.

ஃபுதோ என்றால் அசையாதவர். வடமொழியில் அசலர். நம் நாட்டிலிருந்து போனவர்தான்.

அப்பா இதையெல்லாம் கேட்டுக்கொள்ளவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டார். அங்கே யாரும் கழற்றுவதில்லை, நானும் தடுக்கவில்லை. அகப்பையில் மொண்டு தோளில் ஊற்றினார். பாசி அதை உறிஞ்சிக்கொண்டு, கொஞ்ச நேரம் கழித்து அடியில் சொட்டுச் சொட்டாக விட்டது. "அபிஷேகம் எல்லா ஊர்லயும் ஒண்ணுதான்" என்றார். அடுத்து நின்ற ஜப்பானியப் பாட்டி அவருக்குத் தலை தாழ்த்தினார், இவர் கை கூப்பினார்.

கோயிலை ஒட்டியே மெயோதோ ஸென்ஸாய் என்ற கடை, 1883-இல் தொடங்கியது. சிவப்பு அஸுகிப் பயறை இனிப்பாகக் கொதிக்கவைத்து உள்ளே ஓர் அரிசி உருண்டை. ஒருவர் கேட்டாலும் இரண்டு சின்னக் கிண்ணத்தில்தான் தருவார்கள். 'மெயோதோ' என்றால் தம்பதி. கூடவே உப்பிட்ட கடற்பாசி கொஞ்சம். பயறு, சர்க்கரை, அரிசி. அம்மாவுக்குப் பயறுப் பாயசம் மாதிரி இருக்கும்.

செப்டம்பர் 9

ஆள் பிடிப்பவர்கள் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். இருக்கிறார்கள், வடகரையில் சோயெமொன்சோ பக்கம் அதிகம். மெனு அட்டையோடு கூடவே நடப்பார்கள். 'இடம் இருக்கிறது, உடனே உட்காரலாம்' என்பார்கள்.

வந்த முதல் வருடம் நானும் இரண்டு நண்பர்களும் அப்படி ஒருவரின் பின்னால் போனோம். நான்காம் மாடி. கடையின் பெயர் வேண்டாம், இப்போது அது இல்லை. மூவரும் ஆளுக்கு ஒரு பானமும் இரண்டு தட்டும்தான் வாங்கினோம். பில்லில் இருக்கைக் கட்டணம், வார இறுதிக் கட்டணம், கேட்காத சின்னக் கிண்ணம் என்று ஏறி, சாப்பிட்டதைவிட அதிகம் வந்தது. இளைஞர்கள் நாங்கள் கொடுத்துவிட்டு வந்தோம். வயதானவர்களோடு போகிறவர்களுக்கு அந்த மாடிப்படி வேண்டாம்.

ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். நல்ல இஸாகாயாக்களிலும் (மதுவும் சாப்பாடும் தரும் கடைகள்) உட்கார்ந்ததும் ஒரு சின்னக் கிண்ணம் வரும், அதற்கு 300, 400 யென் போடுவார்கள். 'ஓதோஷி' என்று பெயர். அது ஏமாற்று அல்ல, அங்கே வழக்கம்.

தெருக்கடையில் வாங்கினால் அந்தக் கடை முன்னாலேயே நின்று சாப்பிட்டுத் தட்டை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள். குப்பைத் தொட்டியைத் தேடி நடந்தால் வீடு வரை கையில்தான் இருக்கும்.

செப்டம்பர் 14, நள்ளிரவு

இன்று மட்டும் யாரும் அந்தப் பக்கம் போகாதீர்கள் என்று மாலையே எழுதியிருக்க வேண்டும். இந்த வட்டாரத்தின் பேஸ்பால் அணி ஹான்ஷின் டைகர்ஸ் வென்றுவிட்டார்கள்! யோமியூரி ஜயண்ட்ஸுக்கு எதிராக 4–3. 18 வருடத்துக்குப் பிறகு மத்திய லீக் பட்டம்.

இப்போதுதான் வீடு வந்தேன். எபிசுபாஷி முழுக்கப் போலீஸ். மனிதர்களை நிற்கவிடாமல் ஒரே திசையில் நகர்த்திக்கொண்டே இருந்தார்கள். அப்படியும் கரையிலிருந்து குதிக்கிறார்கள். அந்தத் தண்ணீரில்! என் பக்கத்தில் ஒருவர், அறுபது வயது இருக்கும், மஞ்சள் கறுப்புச் சட்டை, ஒரு வார்த்தை பேசாமல் அழுதுகொண்டே நடந்தார்.

பயிற்சியாளர் ஒகாதா அகினோபு வருடம் முழுக்கப் 'பட்டம்' என்ற சொல்லையே சொல்லவில்லை. சொன்னால் வீரர்களுக்குப் பதற்றம் வரும் என்று 'அது', 'அது' என்றே சொன்னார். இன்று ஊர் முழுக்க அந்த 'அது'தான் கேட்கிறது.

செப்டம்பர் 16

ஏன் குதிக்கிறார்கள் என்று நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். நடைப் பயணத்திலிருந்து விலகுகிறேன், ஆனால் பாலத்தின் கதையே இதுதான்.

1985. லீக் பட்டம் வென்ற இரவு. ரசிகர்கள் ஒவ்வொரு வீரரின் பெயரையும் கூவ, அவர் சாயலில் இருப்பவர் பாலத்திலிருந்து குதிக்க வேண்டும். அமெரிக்க வீரர் ராண்டி பாஸ் முறை வந்தது. தாடி வைத்த வெள்ளைக்காரர் யாரும் இல்லை. பக்கத்து கேஎஃப்சி வாசலில் நின்ற கர்னல் சாண்டர்ஸ் சிலையைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். அந்த ஆண்டு, இரண்டு லீக் சாம்பியன்களும் மோதும் ஜப்பான் தொடரையும் வென்றார்கள். அதற்குப் பிறகு அந்தத் தொடரை வெல்லவே இல்லை. கர்னலின் சாபம் என்று பேச்சு. 2009 மார்ச்சில் கரையோர நடைபாதைக்காக வேலை நடந்தபோது சிலை சேற்றிலிருந்து கிடைத்தது, கண்ணாடியும் இடக்கையும் இல்லாமல்.

2003 பட்டத்தின்போது 5,000 பேருக்கு மேல் குதித்தார்கள். ஓர் இளைஞர் இறந்துபோனார். இதை வேடிக்கைக் கதையாகச் சொல்லும்போது பலர் அந்த வரியை விட்டுவிடுகிறார்கள். இப்போதுள்ள பாலம் 2007-இல் முடிந்தது. வட்டமான மேடை, கரைக்கு இறங்கும் சாய்தளம். குதிப்பதைக் கடினமாக்குவதும் அதன் நோக்கங்களில் ஒன்று. படம் எடுக்க நிற்கும்போது அந்தக் கைப்பிடியைத் தொட்டுப் பாருங்கள்.

அக்டோபர் 1

நேரத்தைத் திருத்துகிறேன். 5 மணிக்குத் தொடங்கச் சொன்னது செப்டம்பர்க் கணக்கு, அப்போது 6 மணிக்கு மேல்தான் சூரியன் மறையும். நீங்கள் வருவது நவம்பரில், 5 மணிக்குள் மறைந்துவிடும். 3.30-க்குத் தொடங்குங்கள். இரண்டு மணி நேரம் என்றதும் என் கால் வேகத்துக்கு. அம்மாவோடு மூன்று மணி நேரம்.

வழியையும் மாற்றுகிறேன். நேற்று மறுபடி நடந்து பார்த்தேன். எபிசுபாஷியில் முடித்தால் கூட்டத்தின் உச்சியில் முடிகிறது, அங்கிருந்து ரயிலுக்குத் தள்ளுமுள்ளு. அதனால்:

அரங்கம், நிப்பொம்பாஷி பாலம், டோட்டன்போரித் தெருவில் மேற்கே. ஐயாவுபாஷி பாலத்தைத் தாண்டும்போது மனைவியிடம் சொல்லிவிடுங்கள்: பெயரின் பொருள் ஒன்றுசேர்வது, ஊர் நம்பிக்கையிலோ ஜோடிகளைப் பிரிக்கும் பாலம். தாஸாயெமொன்பாஷியில் படியிறங்கி நீரோரம் நடங்கள். தெருவில் இருந்து பார்த்த பலகைகளை இப்போது தண்ணீரில் தலைகீழாகப் பார்ப்பீர்கள். எதிர்க்கரையில் மஞ்சள் நிற நீள்வட்ட ராட்டினம் (77.4 மீட்டர்), அதன் கீழே 20 நிமிடப் படகு. அம்மாவுக்குக் கால் வலித்தால் படகில் உட்காரவையுங்கள். பிறகு சாய்தளம் ஏறி எபிசுபாஷி. கிளிகோ பலகை முதலில் வந்தது 1935-இல். இப்போதுள்ளது ஆறாவது, 2014-லிருந்து. ஒரு மிட்டாய் தின்றால் 300 மீட்டர் ஓடலாம் என்பது அந்தக் கம்பெனியின் பழைய வாசகம். அந்த ஓட்டத்தைத்தான் அவர் ஓடுகிறார்.

கடைசியில் தெற்கே திரும்பி ஹோசென்ஜியில் முடியுங்கள். அதுவரை கேட்ட சத்தம் எல்லாம் அங்கே வடிந்துவிடும்.

அக்டோபர் 4

ஹோசென்ஜிச் சந்து புதிதாகக் கட்டிய செட் மாதிரி இருக்கிறது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஒரு பகுதி புதிதாகக் கட்டியதுதான். 2002-இலும் 2003-இலும் அங்கே தீப்பிடித்தது. மறுபடி கட்ட வேண்டுமானால் சட்டப்படி 4 மீட்டர் அகலப் பாதை விட வேண்டும். அப்படி விட்டால் அந்தச் சந்தே இல்லை. கடைக்காரர்களும் ஊர்க்காரர்களும் கையெழுத்து திரட்டி, தனி ஏற்பாடு வாங்கி, மூன்று மீட்டர் கூட இல்லாத பழைய அகலத்திலேயே கட்டினார்கள். ஒரு குறுகலைக் காப்பாற்ற ஒரு ஊர் அவ்வளவு பாடுபட்டதை நினைத்தால் எனக்கு அந்தச் சந்தின் மேல் மதிப்பு கூடத்தான் செய்கிறது.

நவம்பர் 5, இரவு

டைகர்ஸ் 7–1! 38 வருடத்துக்குப் பிறகு ஜப்பான் தொடர். எதிரணி ஓரிக்ஸும் இதே வட்டாரம்தான். நீங்கள் வருவது புதன்கிழமை என்பதால் பாலம் அமைதியாகிவிடும். வாருங்கள்.

நவம்பர் 12

நடந்துவிட்டு வந்து எழுதியதற்கு நன்றி. மூன்று மணி நேரம் என்றேன், நான்கு ஆகியிருக்கிறது. அம்மா அரங்கத்தின் வாசலிலேயே அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டார் என்றால் அது என் கணக்கில் வராதது. கால் ஓய்வுக்கு அங்கே இருக்கை உண்டு என்று நான் எழுதியிருக்க வேண்டும்.

சிலைக்குத் தண்ணீர் எத்தனை தடவை ஊற்ற வேண்டும் என்று அம்மா கேட்டதாகச் சொன்னீர்கள். எனக்குத் தெரிந்து எண்ணிக்கை வைத்து யாரும் ஊற்றுவதில்லை. அப்பா மூன்று தடவை ஊற்றினார், அது நம் ஊர்ப் பழக்கம்.

2024 மார்ச் 20

பழைய பேச்சுக்கு ஒரு சேதி. சேற்றிலிருந்து எடுத்த கர்னல் சிலை மிகவும் சிதைந்துவிட்டதால், பராமரிக்க முடியாமல் அப்புறப்படுத்திவிட்டதாகக் கேஎஃப்சி கம்பெனி அறிவித்திருக்கிறது. சும்மா தூக்கிப் போடவில்லை. சாகே (அரிசி மது) படைத்து, முறைப்படி சடங்கு செய்து அனுப்பியிருக்கிறார்கள்.

அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "24 வருஷம் தண்ணிக்குள்ள இருந்தவரு இல்லையா, செய்ய வேண்டியதுதான்" என்றார். அப்புறம் பணியாரக் கல்லில் துரு ஏறாமல் எண்ணெய் தடவி வைத்திருக்கிறேனா என்று கேட்டார்.